1971-இல் ஃபிரேசியரிடம் தோற்றபோது அலியின் உச்சம் முடிந்திருந்ததா?

1. கரோல்பாக்காரன்

போன ஞாயிறு ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் நிகழ்ச்சி முடிந்து, வெளியே டீ குடிக்கும்போது ஆரம்பித்த வாக்குவாதம் இது. குளிர் தாங்காமல் பாதியில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அதனால் இங்கே தொடர்கிறேன்.

1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். முகமது அலி அதுவரை 31 சண்டை, 31 வெற்றி. ஜோ ஃபிரேசியர் 26-க்கு 26. தோல்வியே தெரியாத இரண்டு ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள். 15 ரவுண்டும் ஓடியது, ஃபிரேசியர் பாயின்ட்டில் ஜெயித்தார். மதிப்பெண் போட்ட மூன்று பேரும் அவர் பக்கம்தான். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. தகராறு எல்லாம் அப்புறம் ஒட்டிக்கொள்ளும் ஒரு வரியில்தான்: "அது பழைய அலி இல்லப்பா. மூன்றரை வருஷம் உட்கார வைத்துவிட்டார்கள். 67-இல் மோதியிருந்தால் ஃபிரேசியர் பத்து ரவுண்டு தாண்டியிருக்க மாட்டார்."

இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அலிக்கு நடந்தது அநியாயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அநியாயத்தின் கணக்கை ஃபிரேசியர் ஏன் தீர்க்க வேண்டும்? அன்றைக்கு அலிக்கு வயது 29. அதற்கு மூன்று வருஷம் கழித்து, 32 வயதில், கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் சாய்த்தவர் இதே ஆள். 32-இல் ஃபோர்மனை வீழ்த்த முடிந்தவர் 29-இல் எப்படிக் கடந்துபோனவர் ஆனார்?

இன்னொன்றும் இருக்கிறது. ஃபிரேசியர் 15-ஆவது ரவுண்டில் அலியைத் தரையில் போட்டது இடது ஹூக், அதாவது கையை மடக்கிப் பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து. 1963-இல் லண்டனில் ஹென்றி கூப்பர் போட்டதும் இடது ஹூக். 1962-இல் சன்னி பேங்க்ஸ் முதல் ரவுண்டிலேயே போட்டதும் இடது ஹூக்தான். அப்போது அலிக்கு 20 வயது. வலது கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்துத் தப்பிப்பது அவர் பழக்கம். அந்த ஓட்டை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதைக் கண்டுபிடித்து, 15 ரவுண்டும் அதே இடத்தில் வேலை செய்தவர் ஃபிரேசியர். இதில் வயதைக் கொண்டுவந்து திணிக்காதீர்கள் என்பது என் கட்சி.

2. மயூர்விஹார் மணி

சார், டீக்கடையில் எதிர்க்கட்சி நான்தான். 😄

வயதை நான் பேசவே இல்லை. ஓய்வைப் பேசினேன். 1967 மார்ச் 22-இல் ஸோரா ஃபோலியை ஏழாவது ரவுண்டில் அனுப்பினார். அடுத்த மாதம் 28-ஆம் தேதி ஹூஸ்டனில், வியட்நாம் போர் சமயத்தில், ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் போனது, லைசென்ஸ் போனது, ஐந்து வருஷத் தண்டனை, பத்தாயிரம் டாலர் அபராதம். மறுபடி ரிங் ஏறியது 1970 அக்டோபர் 26, அட்லான்டா, ஜெர்ரி குவாரி. 25 வயதிலிருந்து 28 வரை ஒரு சண்டை கிடையாது. ஒரு ஹெவிவெயிட்டின் மிகச் சிறந்த வருஷங்கள் எவை என்று யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

திரும்பி வந்து குவாரியுடன் மூன்று ரவுண்டு, பொனவேனாவுடன் 15 ரவுண்டு. மொத்தம் 18. அதை வைத்துக்கொண்டு, மூன்றே மாதத்தில் வாழ்க்கையின் பெரிய சண்டை. இத்தனைக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எப்படி வருமோ என்று தெரியாத நிலை. தீர்ப்பு சாதகமாக வந்தது ஜூன் 28-இல்தான். தோற்றால்கூட சிறைக்கு முன்னால் ஒரு சம்பளம் என்றுதான் அவசரப்பட்டிருப்பார். அவர் நிலைமையில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஷெட்டில் மூன்றரை வருஷம் நின்ற புல்லட்டை வெளியே எடுத்து, இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு, நேராக லடாக் கிளம்பினால் என்ன ஆகும்? வண்டி அதே வண்டிதான்.

3. புள்ளிவிவரம்

மதிப்பெண்களைப் போட்டுவிடுகிறேன், எல்லோருக்கும் உதவும்.

ரெஃப்ரி ஆர்தர் மெர்கான்டே: ஃபிரேசியர் 8, அலி 6, ஒன்று சமம்.
ஆர்டி ஐடாலா: 9-6.
பில் ரெக்ட்: 11-4.

மெர்கான்டே அட்டையில் ஒரு ரவுண்டு கை மாறினால் 7-7-1. ஐடாலா அட்டையில் இரண்டு மாறினால் அலி 8-7. அந்தச் சண்டையில் அலி எத்தனை ரவுண்டு கயிற்றில் சாய்ந்துகொண்டு, "வலிக்கவில்லை" என்று கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே அடி வாங்கினார் என்று பாருங்கள். அவர் சும்மா கொடுத்த ரவுண்டுகளே முடிவை மாற்றப் போதும்.

எடை: அலி 215 பவுண்டு, ஃபிரேசியர் 205 சொச்சம். ஆளுக்கு 25 லட்சம் டாலர் சம்பளம், அந்தக் காலத்தில்.

4. கரோல்பாக்காரன்

புள்ளிவிவரம், நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். கயிற்றில் சாய்ந்து நின்றது யார் முடிவு? கால் ஓடாததால் சாய்ந்தாரா, ஃபிரேசியரைக் களைப்படைய விட்டுக் கடைசியில் அடிக்கலாம் என்று திட்டம் போட்டுச் சாய்ந்தாரா? இதே திட்டம் 1974-இல் ஃபோர்மனிடம் பலித்தபோது உலகமே மேதை என்றது. ஃபிரேசியரிடம் பலிக்கவில்லை, உடனே வயதாகிவிட்டது என்கிறோம்.

5. இடதுகைக்காரி

இந்த விவாதத்தில் ரிங் ஏறியவர்கள் யாரும் பேசவில்லை போல. நான் தில்லியில் மாநில அளவில் ஆடியிருக்கிறேன், பெரிய ஆள் கிடையாது. மணிக்கட்டு முறிந்து ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்ததால் இதை எழுதுகிறேன்.

ஓய்வு எடுத்துவிட்டு வந்தால் முதலில் எது திரும்பும் என்றால் மூச்சு. ஓடினால், கயிறு தாண்டினால், சில வாரத்தில் வந்துவிடும். அடி பலம் போகவே போகாது, பையைக் குத்தினால் அதே சத்தம் கேட்கும். கோச் "நல்லா இருக்கே" என்பார். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், இறங்கியதும்தான் விஷயம் தெரியும். தூரம் போயிருக்கும். அரை அடி பின்னால் போனால் அந்த ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) தொடாது என்று முன்பு உடம்புக்குத் தெரியும், இப்போது தொட்டுவிடும். கண் பார்க்கிறது, எங்கே வருகிறது என்றும் தெரிகிறது, ஆனாலும் முகத்தில் படுகிறது. யோசித்துத் தப்பிக்க ஆரம்பித்தாலே நேரம் போய்விடும்.

அலியின் பாதுகாப்பு முழுக்க அந்தத் தூரத்தில்தான் இருந்தது. மற்றவர்கள் கையை உயர்த்தி முகத்தை மறைப்பார்கள், குனிந்து நழுவுவார்கள். அவர் கையைத் தொங்கவிட்டு, காலால் தள்ளிப்போய், தலையைப் பின்னுக்கு இழுப்பார். பாடப்புத்தகப்படி எல்லாமே தப்பு. யார் என் முன்னால் அப்படி நின்றாலும் எங்கள் கோச் கத்துவார். அந்தக் கால்வேகமும் கணிப்பும் இருக்கும்வரைதான் அந்தத் தப்பு செல்லுபடியாகும். கொஞ்சம் குறைந்தாலும் அவரிடம் மாற்றுப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கைகளை உயர்த்தி மூடும் வித்தையை அவர் கற்றுக்கொண்டிருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

அதனால் கரோல்பாக்காரன் அண்ணா சொல்லும் அந்த ஓட்டை உண்மைதான். பேங்க்ஸும் கூப்பரும் ஆளுக்கு ஒருமுறை அதைத் தொட்டார்கள், சண்டையை அலிதான் ஜெயித்தார். ஃபிரேசியர் இரவு முழுவதும் தொட்டார். அந்த வித்தியாசத்தில் ஃபிரேசியரின் திறமை எவ்வளவு, மூன்றரை வருஷம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. இரண்டும் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

6. மயூர்விஹார் மணி

இதைத்தான் நான் புல்லட் வைத்துச் சொன்னேன். நன்றி சகோதரி.

7. கரோல்பாக்காரன்

இடதுகைக்காரி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "பழைய கால்" என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று ஒரு நிமிஷம் பாருங்கள்.

உச்ச அலி என்றதும் எல்லோரும் காட்டும் சண்டை 1966 நவம்பர், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், கிளீவ்லண்ட் வில்லியம்ஸ். மூன்று ரவுண்டு. அப்படி ஒரு வேகத்தை ஹெவிவெயிட்டில் யாரும் பார்த்ததில்லை என்பார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். எதிரே நின்றவர் யார்? 1964 கடைசியில் டெக்சஸில் ஒரு போலீஸ்காரர் சுட்டு, குண்டு வயிற்றில் பாய்ந்து, ஒரு சிறுநீரகத்தையே எடுக்கவேண்டி வந்த மனிதர். பிழைத்ததே பெரிய விஷயம். உச்சத்தைத் தாண்டியவர் என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால் முதலில் அவரைச் சொல்லுங்கள். அவரை வைத்துத்தான் அலியின் உச்சத்தை அளக்கிறோம்.

அடுத்து ஃபோலி, முப்பதைத் தாண்டி, பட்டத்துக்கு மோத மிகவும் தாமதமாக வாய்ப்புக் கிடைத்தவர். எர்னி டெரெல் உயரம், ஆனால் உள்ளே புகுந்து அடிக்கிறவர் இல்லை. 1964-லிருந்து 67 வரை அலியிடம் நெஞ்சோடு நெஞ்சு வந்து, உடம்பில் அடித்துக்கொண்டே இருந்த ஒரே ஆள் கனடாவின் ஜார்ஜ் ஷுவாலோ. 1966-இல் டொரான்டோவில் 15 ரவுண்டு தாக்குப்பிடித்தார். அதே ஷுவாலோவை அடுத்த வருஷம் ஃபிரேசியர் நாலே ரவுண்டில் முடித்தார்.

அதாவது உச்சத்தில் இருந்த அலி, ஃபிரேசியர் மாதிரி ஒருவரைச் சந்திக்கவே இல்லை. "67-இல் மோதியிருந்தால்" என்கிற வாக்கியத்துக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. எங்கேயும் சோதித்துப் பார்க்காத ஒன்றை வைத்து, நடந்து முடிந்த வெற்றியைக் குறைக்கிறோம்.

8. புள்ளிவிவரம்

ஷுவாலோ ஒப்பீடு பலவீனம். யார் யாரை எத்தனை ரவுண்டில் முடித்தார் என்பது இந்த விளையாட்டில் எதையும் நிரூபிக்காது. பொனவேனா ஃபிரேசியரை 1966-இல் இரண்டுமுறை தரையில் தள்ளினார். இரண்டு சண்டையிலும் ஃபிரேசியரால் அவரைச் சாய்க்க முடியவில்லை, பாயின்ட்டில்தான் ஜெயித்தார். ஓய்விலிருந்து வந்த அலியோ அதே பொனவேனாவை 15-ஆவது ரவுண்டில் மூன்றுமுறை தள்ளி முடித்தார். உங்கள் கணக்குப்படி துருப்பிடித்த அலியே ஃபிரேசியரைவிட மேல்.

9. கரோல்பாக்காரன்

துருப்பிடிக்கவில்லை என்பதற்கும் அதுவே ஆதாரம் ஆகும் சார். 15-ஆவது ரவுண்டில் மூன்றுமுறை தள்ளுகிற அளவுக்குக் கையிருப்பு இருந்திருக்கிறதே!

10. ராயபுரத்தான்

வணக்கம். வேலை மாற்றலாகி தில்லி வந்தவன், பூர்வீகம் ராயபுரம். எங்கள் பக்கத்தில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்கிற குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெருசுகள் உட்கார்ந்து பேசும்போது இந்த மாதிரி வழக்கு தினம் நடக்கும். தோற்றவன் கட்சி என்றைக்கும் "அவனுக்கு அன்னைக்கு ஒடம்பு சரியில்ல" என்றுதான் ஆரம்பிக்கும். ஜெயித்தவன் கட்சி "ரிங்குல ஏறுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்" என்று முடிக்கும்.

என் பங்குக்கு ஒன்று. வயதையும் உச்சத்தையும் ஒட்டவே கூடாது. டைசனைப் பாருங்கள். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. ஒன்றுக்கு 42 என்று பந்தயம் போன பஸ்டர் டக்ளஸ், டைசனைப் பத்தாவது ரவுண்டில் படுக்க வைத்தார். டைசனுக்கு அப்போது 23 வயது! 23-இல் உச்சம் முடியுமா? அவர் விஷயத்தில் முடிந்துதான் இருந்தது என்பேன். வளர்த்த கஸ் டமாட்டோ 1985-இலேயே போய்ச் சேர்ந்தார். பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988-இல் அனுப்பிவிட்டார். அப்புறம் தலை அசைவு நின்றது, ஜாப் நின்றது, ஒரே குத்தில் முடிக்கவேண்டும் என்கிற அவசரம் மட்டும் மிச்சம். டோக்கியோவில் அவர் கார்னரில் (ரிங் மூலையில் நின்று வீரரைக் கவனிக்கும் குழு) கண் வீக்கத்துக்கு வைக்கும் இரும்பு கூட இல்லாமல், ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். உலக சாம்பியன் கார்னர் அது.

மறுபக்கம் ஃபோர்மன். 1994 நவம்பரில், 45 வயதில், மைக்கேல் மூரரை ஒரே வலது கையால் சாய்த்துப் பட்டம் வாங்கினார். அதுவரை ஒன்பது ரவுண்டும் அடி வாங்கிக்கொண்டுதான் இருந்தார். காலும் வேகமும் எப்போதோ போய்விட்டன. அடி மட்டும் போகவில்லை.

அதனால் "உச்சம் முடிந்ததா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எது முடிந்தது என்று கேளுங்கள். அலிக்கு 71-இல் கால் முடிந்திருந்தது. தாடை முடியவில்லை, மூளை முடியவில்லை, தைரியம் முடியவில்லை. அந்த இடது ஹூக்கை வாங்கிவிட்டு நாலு எண்ணுவதற்குள் எழுந்து நின்றாரே, அது எந்த உச்சத்தில் சேர்த்தி?

11. மயூர்விஹார் மணி

ராயபுரத்தார் அண்ணே, அருமை. கால் முடிந்திருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டதால் என் கட்சிக்கு ஒரு ஓட்டு என்று எழுதிக்கொள்கிறேன்.

12. ராயபுரத்தான்

எழுதிக்கோங்க தம்பி. ஆனால் ஜெயித்தது ஃபிரேசியர்தான்னு பக்கத்திலேயே எழுதிக்கோங்க.

13. ஆர்.கே.புரம் பெரியவர்

இளைஞர்கள் எல்லோரும் வீடியோவில் பார்த்துப் பேசுகிறீர்கள். நான் அலியை நேரில் பார்த்தவன். 1980 ஜனவரி, இதே தில்லி, நேஷனல் ஸ்டேடியம். இப்போது தியான் சந்த் பெயரில் இருக்கிறதே, அதேதான். மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அலுவலகத் தமிழர்கள் கூட்டமாகப் போனோம்.

எதிரே ஏறியவர் கௌர் சிங். பஞ்சாப் சங்ரூர் பக்கத்து விவசாயக் குடும்பம், ராணுவத்தில் இருந்தவர், அப்போது நம் ஹெவிவெயிட் சாம்பியன். நாலு ரவுண்டு காட்சிச் சண்டை. சென்னையிலும் அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிச் சண்டை நடந்தது. இந்த எல்லிஸ், அலி வெளியே இருந்த காலத்தில் காலியான பட்டத்தில் பாதியை ஜெயித்தவர், அப்புறம் ஃபிரேசியரிடம் 1970-இல் இழந்தவர். அதுவும் உங்கள் விவாதத்துக்குச் சம்பந்தம்தான்.

அலிக்கு 38 வயது முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஓய்வு அறிவித்துவிட்டிருந்தார். உடம்பு போட்டிருந்தது. கூட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அவர் கையைத் தூக்கினாலே ஆரவாரம். என் கண்ணில் பட்டது வேறு. கௌர் சிங் குத்தும்போது அவர் தள்ளிப்போகவில்லை. நின்ற இடத்திலிருந்து தலையை மட்டும் இழுத்தார், கையால் தட்டிவிட்டார். காட்சிச் சண்டை என்பதால் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

அதே வருஷம் அக்டோபர் 2, லாஸ் வேகாஸ், லாரி ஹோம்ஸ். பத்திரிகையில் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. பத்து ரவுண்டு முழுவதும் ஹோம்ஸ்தான். ஒரு ரவுண்டு கூட அலிக்குக் கிடைக்கவில்லை. கார்னரிலிருந்து அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி நிறுத்தினார். உடம்பை மட்டும் இளைத்து, தலைமுடிக்குச் சாயம் போட்டு, பழைய அலி மாதிரி வந்து நின்றார். தைராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டது பின்னால் வெளியே வந்தது. ஹோம்ஸ் யார்? ஒரு காலத்தில் அவருக்கே ஸ்பாரிங் போட்ட பையன். ஜெயித்துவிட்டு அவர் அழுதார்.

உச்சம் முடிந்தவரை அடிப்பது என்றால் அதுதான். 1981-இல் பஹாமாஸில் பெர்பிக்கிடம் தோற்றதும் அதுதான். 71-ஐ இவற்றோடு ஒரே தட்டில் வைப்பது சரியில்லை தம்பிகளா. ஃபிரேசியர் அடித்தது ஒரு முழு மனிதரை.

14. இடதுகைக்காரி

ஐயா, கௌர் சிங்கோடு நடந்ததைப் பார்த்த ஒருவரிடம் பேசுவேன் என்று நினைக்கவே இல்லை. 1982 ஆசிய விளையாட்டில் இதே ஊரில் தங்கம் வாங்கியவர். ஜாப்களை அவர் எப்படிச் சமாளித்தார், ஏதாவது நினைவிருக்கிறதா?

15. ஆர்.கே.புரம் பெரியவர்

தூரத்தில் உட்கார்ந்திருந்தோம் அம்மா. பயப்படாமல் முன்னே போனார், அது தெரிந்தது. மற்றபடி கற்பனை செய்து சொல்ல விருப்பமில்லை.

16. நெறியாளர்

அரசியல் பதில்கள் இரண்டு நீக்கப்பட்டன. வியட்நாம் போர் சரியா தவறா என்பதற்குத் தனி இழை தொடங்கலாம்.

17. புள்ளிவிவரம்

அலியின் ஐந்து தோல்வி, வயதோடு: ஃபிரேசியர் 1971 (29), கென் நார்ட்டன் 1973 (31), லியோன் ஸ்பிங்க்ஸ் 1978 (36), ஹோம்ஸ் 1980 (38), பெர்பிக் 1981 (39). கடைசி இரண்டில் வாதமே இல்லை. ஸ்பிங்க்ஸுக்கு அது எட்டாவது தொழில்முறைச் சண்டை மட்டுமே. அலி பயிற்சி செய்யாமல் வந்தார், ஏழு மாதத்தில் திருப்பி ஜெயித்தார். நார்ட்டன் தாடையை உடைத்தார், அந்த வருஷமே திருப்பி ஜெயித்தார்.

18. கரோல்பாக்காரன்

அந்தப் பட்டியலில் முதல் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஆள் இருக்கிறார். ஃபிரேசியர் கார்னரில் யாங்க் டர்ஹமோடு இருந்தவர் எடி ஃபட்ச். நார்ட்டன் கார்னரிலும் எடி ஃபட்ச். பெரிய அளவில் குத்துச்சண்டை பார்க்கிறவர்களுக்கே இவர் பெயர் தெரியாது, அதுதான் எனக்கு எரிச்சல்.

அலி வலது அப்பர்கட் (கீழிருந்து மேலே விடும் குத்து) விடும்போது நிமிர்ந்து நின்று, கையைக் கீழே இறக்கித்தான் விடுவார் என்று ஃபட்ச் கவனித்து வைத்திருந்தார். அந்தக் கை இறங்கும் கணத்தில் இடது ஹூக்கை எறி என்று ஃபிரேசியருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஃபிரேசியர் குனிந்து குனிந்து வந்ததே அலியை அப்பர்கட் விடத் தூண்டத்தான். 11-ஆவது ரவுண்டில் அலி தள்ளாடியதையும், 15-இல் விழுந்ததையும் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். நார்ட்டனுக்கு வேறு பாடம்: அலி ஜாப் போடும்போது நீயும் ஜாப் போடு, பின்வாங்காமல் ஒரு அடி முன்னே போய் அவரைக் கயிற்றுக்குத் தள்ளு. இரண்டு வருஷத்தில் இரண்டு தோல்வி, இரண்டுக்கும் பின்னால் அலியைப் படித்த ஒரே மனிதர்.

இந்த ஃபட்ச்தான் 1985-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸைத் தயார் செய்து, 48-0 என்று, தோற்காமலே ஓய்வு பெற்ற மார்சியானோவின் 49 வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்த லாரி ஹோம்ஸையும் நிறுத்தினார். அங்கே போய்ப் பாருங்கள், "ஹோம்ஸுக்கு 35 வயது, உச்சம் முடிந்துவிட்டது" என்று ஒரு கூட்டம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். ஜெயித்தவர் பக்கம் படிப்பு இருக்கும்போதெல்லாம் தோற்றவரின் வயதைப் பேசுவது ஒரு பழக்கமாகவே போய்விட்டது.

19. இடதுகைக்காரி

ஹோம்ஸ் விஷயத்தில் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஃபட்ச் பற்றி முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. 2019 டிசம்பரில் இங்கே இந்திரா காந்தி ஸ்டேடியத்தில் மேரி கோமும் நிகத் ஜரீனும் மோதிய தேர்வுச் சண்டை. 9-1 என்று மேரி கோம் ஜெயித்தார். கை குலுக்கவில்லை, அது வேறு கதை. 2022-இலும் 2023-இலும் நிகத் உலக சாம்பியன். இப்போது யாராவது "மேரி ஜெயித்தது உச்சத்துக்கு வராத நிகத்தை" என்று சொல்லலாம் இல்லையா? 2021-இல் டோக்கியோவில் மேரி கோம் கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவிடம் 3-2 என்று தோற்றதும் "38 வயது" என்றார்கள். அதற்கு முன்னால் இரண்டுமுறை ஜெயித்த எதிராளி. அந்தச் சண்டையில் மேரி மெதுவாகத் தெரிந்தாரா என்றால், முதல் ரவுண்டில் ஆமாம், பின் இரண்டில் இல்லை.

இப்படிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் உச்சத்தில் இருக்கும் சண்டை உலகத்திலேயே நாலைந்துதான் தேறும்.

20. மயூர்விஹார் மணி

சகோதரி சொன்னதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. இத்தனை நேரம் அலியின் உச்சம் பற்றியே பேசினோம். ஃபிரேசியரின் உச்சம் எது? நான் சொல்வேன், அந்த ஒரே இரவுதான். ஜெயித்த பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தார். முகம் வீங்கியிருந்த போட்டோ எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதில் யார் ஜெயித்தார் என்றே தெரியாது. அதற்குப் பிறகு பழைய ஃபிரேசியர் திரும்பவே இல்லை. 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறுமுறை தள்ளினார். அப்போது ஃபிரேசியருக்கு வயது 29. அலி தோற்றபோது இருந்த அதே வயது.

அப்படியானால் 1974 ஜனவரியில் அலி திருப்பி ஜெயித்தாரே, அது யாரை? உச்சம் முடிந்த ஃபிரேசியரை. கரோல்பாக்காரன் சார் 71-க்குத் தள்ளுபடி கூடாது என்கிறார். சரி. 74-க்கும் கூடாதா?

21. கரோல்பாக்காரன்

கூடாது. 74-இல் அலி என்ன செய்தார் என்று பாருங்கள். ஓடவில்லை. ஃபிரேசியர் உள்ளே வந்ததும் இடது கையால் பிடரியைப் பிடித்துக் கீழே அழுத்தி, கட்டிக்கொண்டார். திரும்பத் திரும்ப அதே. விதிப்படி பிடரியைப் பிடிக்கக் கூடாது, ரெஃப்ரி டோனி பெரெஸ் விட்டுவிட்டார். இரண்டாவது ரவுண்டில் அலி நன்றாக அடித்து ஃபிரேசியர் தடுமாறியபோது, மணி அடித்துவிட்டதென்று நினைத்து அதே பெரெஸ் இடையில் புகுந்து பிரித்துவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் நியாயம் சொல்லவேண்டும்.

அலி 71-இல் தெரியாத ஒன்றை 74-இல் கற்றுக்கொண்டு வந்தார். இடதுகைக்காரி சொன்ன மாற்றுப் பாதுகாப்பு அதுதான். கால் இன்னும் குறைந்திருந்தது, ஆனால் ஜெயித்தார். கால் போனதுதான் 71-இன் காரணம் என்றால், கால் இன்னும் மோசமான 74-இல் எப்படி ஜெயித்தார்? 71-இல் குறைவாக இருந்தது ஃபிரேசியரைப் பற்றிய படிப்பு.

22. இடதுகைக்காரி

அண்ணா, அது வாதத்தைத் திருப்பிப் போடுவது. கால் இருந்திருந்தால் அந்தப் படிப்பே தேவைப்பட்டிருக்காது. கட்டிப்பிடிப்பதைக் கற்றுக்கொண்டதே கால் போனதால்தான். ஓடத் தெரிந்த யாரும் பிடரியைப் பிடித்துத் தொங்க மாட்டார்கள்.

என் கணக்கு: 71 அலி, 67 அலியைவிடக் குறைவு. ஃபிரேசியர் அன்றைக்கு யாரையும் அடித்திருக்கக்கூடிய ஃபிரேசியர். 67 அலியோடு மோதியிருந்தால் அலி பாயின்ட்டில் ஜெயித்திருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் எட்டு ரவுண்டு, பத்து ரவுண்டு கதையெல்லாம் இல்லை. 15-ம் ஓடியிருக்கும், இடது ஹூக்கும் எங்காவது ஒருமுறை விழுந்திருக்கும்.

23. மயூர்விஹார் மணி

67-இல் ஃபிரேசியருக்கு 23 வயது. அவரும் இன்னும் அந்த ஃபிரேசியர் ஆகவில்லை என்று கரோல்பாக்கிலிருந்து இப்போது ஒரு பதில் வரும் பாருங்கள்.

24. கரோல்பாக்காரன்

வந்துவிட்டது. 😄

25. ராயபுரத்தான்

யாராவது 11-ஆவது ரவுண்டைப் பற்றித் தீர்ப்பு சொல்லுங்கள். ஹூக் பட்டதும் கால் மடங்கியது, அதற்கப்புறம் அலி குடிகாரன் மாதிரி தள்ளாடி நடந்தாரே, அது நிஜமா, ஃபிரேசியரை ஏமாற்றப் போட்ட நாடகமா? எங்கள் பக்கத்துப் பெருசு ஒருவர் நாடகம் என்று சாகும்வரை சாதித்தார்.

26. ஆர்.கே.புரம் பெரியவர்

முதல் இரண்டு அடி நிஜம். அப்புறம் நடந்தது நாடகம். அந்த நாடகத்தை நம்பி ஃபிரேசியர் உடனே பாயாமல் நின்றார், அதனால்தான் அலி அந்த ரவுண்டில் தப்பித்தார்.

27. கரோல்பாக்காரன்

ஐயா, அந்த நிலையிலும் நாடகம் போட மூளை வேலை செய்தது என்றால் அவர் முடிந்துபோனவர் இல்லை என்று நீங்களும் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

28. மயூர்விஹார் மணி

நாடகம் போடத் தேவையே வராத அலியைப் பற்றித்தான் நான் முதலிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.